ஒரே மருந்து, ஊருக்கு ஊர் வேறு விஷம்

தென்பெண்ணைக் கரையில் கரும்பும் நெல்லும் விளைகிற மணலூர்பேட்டைப் பக்கம், டீக்கடையில் நாலு விவசாயிகள் உட்கார்ந்தால் பாம்புப் பேச்சு வராமல் போகாது. வயலில் எலி இருக்கிறவரை பாம்பும் இருக்கும். அந்தப் பேச்சில் எழக்கூடிய நல்ல கேள்வி ஒன்று: "பாம்புக்கடி ஊசி நாடு முழுக்க ஒண்ணுதானே? அப்புறம் ஏன் ஓர் ஊரில் சட்டென்று கேட்கிறது, இன்னோர் ஊரில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?" டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன்.

ஊசி ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் ஏ.எஸ்.வி. என்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைப்பதே மருந்து. கடித்தது இந்த நான்கில் எது என்று தெரியாவிட்டாலும் போடலாம்.

அந்த விஷம் எங்கே எடுத்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அதில் பெரும்பங்கு போவது தமிழ்நாட்டிலிருந்து. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு வடதமிழகத்தில் பிடித்த பாம்புகளை மண்பானைகளில் வைத்து, சில முறை விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறுவதுபோல, ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறும். ராஜஸ்தான் பாலைவனத்துச் சுருட்டை விரியன் வேறு துணையினம். அதன் கடிக்கு இந்த மருந்து போதிய பலன் தருவதில்லை என்று அங்குள்ள டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வங்காளத்திலும் வடகிழக்கிலும் படத்தில் ஒற்றை வட்டம் உள்ள நாகம் உண்டு. அது இந்த நான்கில் சேராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு குழிவிரியன் இருக்கிறது. அதற்கு இந்தியாவில் தனி மருந்தே கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்த இடைவெளியைச் சோதனைக்கூடத்திலும் காட்டின.

அதனால்தான் டாக்டர் குப்பிக் கணக்கை மட்டும் நம்புவதில்லை. வழக்கமாகப் பத்துக் குப்பியில் தொடங்குவார்கள். விரியன் கடி என்றால் ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது, தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது, மருந்து வேண்டும். மருந்து போட்டு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் சோதனையே தவறாகிவிடும்.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறப்பதாக மதிப்பீடு. அதை 2030-க்குள் பாதியாக்க 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியத் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. எந்த வட்டாரத்தில் எந்தக் கடி, எத்தனை குப்பி செலவு என்ற கணக்கு சேர்ந்தால்தான் வட்டாரத்துக்கு ஏற்ற மருந்து செய்ய முடியும். அந்தந்தப் பகுதிப் பாம்பின் விஷத்தைச் சேகரிக்கும் மையங்கள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நமக்கு அமைந்த நல்வாய்ப்பு ஒன்று இருக்கிறது: மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் வடதமிழகப் பாம்பிடமிருந்தே எடுத்தது, அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது. கல்வராயன் மலைக் கிராமமோ ஆற்றங்கரை வயலோ, கடிபட்டவரை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம்; தரையில் படுத்தவர் விடியலில் கண்ணிமை தூக்க முடியாமல் எழுந்தால் அதுவும் பாம்புக்கடியாக இருக்கலாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.