காசநோய்ப் பரிசோதனை

காசநோய்ப் பரிசோதனை என்பது, ஒருவருக்குக் காசநோய் உள்ளதா அல்லது அந்நோய்க் கிருமி அவரது உடலில் புகுந்துள்ளதா என அறியச் செய்யப்படும் சோதனைகளைக் குறிக்கும். காசநோய் எலும்புருக்கி நோய் எனவும் அழைக்கப்படுகிறது.

தொற்றும் நோயும்

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமிகள் காற்றில் பரவுகின்றன. தொற்றுக்கு உள்ளானோரில் சுமார் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். ஏனையோரிடம் கிருமி உறங்குநிலையில் இருக்கும். அவர்களிடமிருந்து நோய் பரவாது. ஆகவே நோயுறும் வாய்ப்பு மிகுந்தோரைத் தேடிச் சோதிப்பதே கூடுதல் பயன் தரும்.

பரிசோதிக்கப்பட வேண்டியோர்

* இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல் உள்ளோர், எடை குறைந்து வருவோர், சளியில் இரத்தம் காண்போர்
* நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோர், குறிப்பாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்
* எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் (இருமல் ஒரு நாளே இருப்பினும்)
* நீரிழிவு அல்லது ஊட்டக்குறைவு உள்ளோர், புகைப்போர், மது அருந்துவோர், 60 வயதைக் கடந்தோர்
* முன்னர் காசநோய் வந்தோர்

நோயாளியின் வீட்டாருக்கு நோய் இல்லை என உறுதியானால் தடுப்பு மருந்து வழங்கப்படுகிறது.

சோதனை முறைகள்

சளியை நுண்ணோக்கியால் ஆராய்வது பழைய முறையாகும். மூலக்கூற்றுச் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் காட்டும். தோலில் ஊசியிட்டு 48 முதல் 72 மணி நேரத்திற்குப் பின் வீக்கத்தை அளக்கும் டியூபர்குலின் சோதனை, தொற்றை மட்டுமே காட்டும்; நோயை உறுதி செய்யாது. காசநோயைக் கண்டறிவதற்கான இரத்த எதிர்ப்பொருள் சோதனைகள் தவறான முடிவுகளைத் தந்ததால் 2012 இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன.

காரைக்குடி, சிவகங்கை உட்படத் தமிழகமெங்கும் அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசமாகும்.

சென்னை ஆய்வுகள்

1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலும் மருத்துவ விடுதியிலும் சிகிச்சை பெற்றோரை ஒப்பிட்டு ஆராய்ந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை எனக் கண்டறியப்பட்டது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே பெரும்பாலும் தொற்று நிகழ்ந்துவிடுகிறது என்பது இதனால் புலனாயிற்று. தாமதமின்றிச் சோதிப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

அம்மையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2019–2021 இல் நாடளாவிய கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தது. அதில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர், மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படாதிருந்தால் தவறவிடப்பட்டிருப்பர். இருமல் இல்லாமையால் மட்டும் ஒருவருக்கு நோயில்லை எனக் கொள்ள இயலாது.