இரண்டாவது என்றால் இளைத்ததா?

ஆங்கிலம் பயிலும் மாணவர் பலரை மயக்கும் ஒரு புதிர் உண்டு. மூன்றுக்குத் 'திரீ', மூன்றாவதற்குத் 'தேர்ட்'; நான்குக்குப் 'போர்', நான்காவதற்குப் 'போர்த்'. எண்ணிலிருந்தே வரிசைப் பெயர் பிறந்தமை இவற்றில் வெளிப்படை. ஆனால், இரண்டைக் குறிக்கும் 'டூ' என்ற சொல்லுக்கும் இரண்டாவதைக் குறிக்கும் 'செக்கண்ட்' என்ற சொல்லுக்கும் யாதோர் உறவும் காணோம். காரணம் யாது?

பழைய ஆங்கிலத்தில், 'மற்றது' என்று பொருள்படும் 'அதர்' என்ற சொல்லே இரண்டாவதையும் குறித்தது. ஒன்றுவிட்ட ஒருநாளை இன்றும் அவர்கள் 'எவ்ரி அதர் டே' என்பது அப்பழமையின் எச்சமே. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. அவற்றுள் ஒன்றே 'செக்கண்ட்'. அதன் வேர், 'பின்தொடர்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். முதலாவதைக் குறிக்கும் 'பேர்ஸ்ட்' என்பதோ 'மிக முன்னே நிற்பது' என்னும் பொருளிற் பிறந்தது. ஆகவே, முன்னே ஒன்று செல்ல, அதனை அடுத்துத் தொடர்வது 'செக்கண்ட்'. தரங்குறைந்தது என்ற கருத்து அதன் பிறப்பில் இல்லை. பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதே. பாய்க்கப்பலின் பின்னிருந்து வீசி அதனைச் செலுத்தும் நற்காற்றையும் உரோமர் இச்சொல்லாற் குறித்தனர் என்றால், அதன் பெருமையை என்னென்பது!

காலத்தை அளக்கும் செக்கனும் இச்சொல்லே. மணித்தியாலத்தை அறுபது கூறாக்கினால் வருவது 'முதலாவது நுண்பகுதி', அதுவே நிமிடம். அதனை மீண்டும் அறுபதாக்கினால் வருவது 'இரண்டாவது நுண்பகுதி', அதுவே செக்கன். 1967இல் கூடிய சர்வதேச அளவை மாநாடு, சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர்வதற்கு ஆகும் காலமே ஒரு செக்கன் என வரையறுத்தது. இரண்டாவதாகப் பிறந்த இதனைக் கொண்டே நிமிடமும் மணித்தியாலமும் இன்று நிறுவப்படுகின்றன. 1983 முதல் மீற்றரின் நீளத்துக்கும் இதுவே அடிப்படை.

சபையில் ஒருவர் கொண்டுவரும் பிரேரணையை மற்றொருவர் ஆமோதித்தலையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே குறிப்பர். தமிழில் இதனை வழிமொழிதல் என்றும் கூறுகிறோம். 'வழி' என்பதற்குப் 'பின்' என்ற பொருளும் உண்டன்றோ? இரு மொழியும் ஒரே கருத்தைக் கண்டமை வியப்புக்குரியது. ஆமோதிப்பார் இல்லையேல், பல சபைகளில் அப்பிரேரணை விவாதத்துக்கே வாராது வீழும்.

பரீட்சையில் இரண்டாம் பிள்ளையாக வந்த மகனையோ மகளையோ கண்டு முகஞ்சுளிக்கும் பெற்றோர் இவற்றைச் சிறிது சிந்திப்பார்களாக. முன்னே செல்பவரின் அடிச்சுவட்டைத் தவறவிடாது தொடர்ந்து வருவதும் எளிய காரியம் அன்று.