கடல் ஏறாத வாசல்கள்

கியோட்டோ மாகாணத்தின் வட விளிம்பில், ஜப்பான் கடலுக்குள் நீண்டிருக்கிறது தாங்கோ தீபகற்பம். அதன் கிழக்குக் கரையில் இனே என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 2,000. அங்கே 5 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு விரிகுடாவின் ஓரமாக ஏறக்குறைய 230 மரவீடுகள் கடலைத் தொட்டபடி வரிசைகட்டி நிற்கின்றன. கீழ்த்தளத்துக்குள் அலை வந்து போகும். படகும் வந்து நிற்கும். ஃபுனயா எனப்படும் இந்தப் படகு வீடுகளைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: கடல் எப்படி இவற்றை விட்டுவைக்கிறது?

பதில் ஓதத்திலிருந்து தொடங்குகிறது. நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை ஓத வீச்சு என்கிறோம். ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவின் அரியாக்கே கடலில் இது 6 மீட்டர் வரை போகும். இரண்டு மாடி உயரம். இனேயில் ஆண்டு முழுக்க அளந்தாலும் சுமார் 50 சென்டிமீட்டர்தான். ஒரு முழத்தைவிடச் சற்றே அதிகம்!

ஒரே நாட்டில் ஏன் இத்தனை வேறுபாடு? ஜப்பான் கடல் சராசரியாக 1,700 மீட்டர் ஆழமுள்ள மாபெரும் பள்ளம். ஆனால் பெருங்கடலோடு அதை இணைக்கும் நீரிணைகள் குறுகலானவை. அவற்றின் வாசல்களில் எதுவும் 150 மீட்டர் ஆழம்கூட இல்லை. மெல்லிய குழாய் வழியாகப் பெரிய தொட்டியை நிரப்புவது போலத்தான். வெளியே பசிபிக் ஏறும்போது நீர் உள்ளே நுழையத் தொடங்குகிறது. தொட்டியில் மட்டம் உயர்வதற்குள் வெளியே இறக்கம் தொடங்கிவிடுகிறது.

ஓதம் அடங்கியது, அலை? குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வடமேற்குக் காற்று பனியைச் சுமந்துகொண்டு இந்தக் கரையை அறைகிறது. இனே விரிகுடாவின் வாயோ தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி மலைகள் நிற்கின்றன. தப்பித் தவறி வரும் அலையை வாயின் நடுவே இருக்கும் ஆவோஷிமா என்ற சிறு தீவு உடைக்கிறது. விரிகுடாவின் தரையும் கரையிலிருந்து சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் குறைந்த தரை தட்டும்போதுதான் அலை நிமிர்ந்து உடையும். இங்கே அதற்கு இடமே கிடைப்பதில்லை.

இயற்கை தந்த இந்த அமைதியை அளந்து கட்டியவை படகு வீடுகள். கீழ்த்தளம் கடலுக்குள் சரிந்து இறங்கும் கல் பாவிய சரிவு. மரப்படகை அதன் வழியே உள்ளே இழுத்தால் மழையும் பனியும் படாது. உலர வைப்பதால் கப்பல் புழுவிடமிருந்தும் அது தப்பும். புழு என்று பெயர் பெற்றாலும் அது சிப்பி இனம். கடல்நீரில் ஊறும் மரத்தைத் துளைத்துத் தின்றே வாழும். மேல்தளம் வலைகளுக்கும் கயிறுகளுக்கும். நார் வலைகள் ஈரமாகக் கிடந்தால் மக்கிவிடும் என்பதால், அந்தக் காலத்தில் காற்றோட்டமான மேல்தளம் ஒரு மீனவரின் முதலீட்டையே காத்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே தட்டையான நிலம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு வீடும் தன் குறுகிய பக்கத்தை, கூரையின் முக்கோண முகப்பு தெரியும் பக்கத்தை, கடலுக்குக் காட்டுகிறது. படகு நுழையும் அகலம் இருந்தால் போதும். மேலும் பல குடும்பங்களுக்குக் கடல்வாசல் கிடைக்கும். குடியிருக்கும் வீடு பின்னால், மலையடியில். 1930களில் இரண்டுக்கும் நடுவே சாலை போட இடம் தேவைப்பட்டபோது, படகு வீடுகளையே கடல் பக்கம் நகர்த்திவிட்டார்கள்!

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? பாரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த புரி என்ற மீனிடமிருந்து. கோடையில் வடக்கே இரை தேடிக் கொழுக்கும் புரி, குளிர்காலத்தில் தெற்கே திரும்புகிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் தாங்கோ அதன் பாதையிலேயே இருக்கிறது. மீனவர்கள் அதற்காக நிலைவலை கட்டுகிறார்கள். அதாவது, ஓரிடத்திலேயே நங்கூரமிட்ட வலை. கரையோரமாக வரும் மீன் கூட்டத்தை நெடிய வலைச்சுவர் ஒன்று தடுக்கும். தடை கண்டால் ஆழம் நோக்கித் திரும்புவது மீனின் பழக்கம். அந்தத் திருப்பத்தில்தான் வலைக்கூண்டின் வாசல் காத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிடைத்த செழிப்பான புரி வேட்டைகளால், கூரை வேய்ந்திருந்த சிறு கொட்டகைகள் ஓடு போட்ட இரண்டு மாடி வீடுகளாயின.

வீட்டு அடுப்புக்கு இத்தனை பெரிய வலை தேவையில்லை. மீன் கழிவை இரையாக வைத்து, மொண்டோரி என்ற சிறு கூண்டை வாசலில் கடலுக்குள் இறக்கிவிட்டால் போதும். காலையில் தூக்கினால் அன்றைய குழம்புக்கு மீன் ஆயிற்று.

இன்றைய கண்ணாடியிழைப் படகுகள் பெரியவை. பழைய வாசலுக்குள் நுழையாமல் வெளியே கட்டப்பட்டிருக்கின்றன. மரப்படகு போனதால் உலர்த்தும் தேவையும் போயிற்று. ஆனாலும் வீடுகள் பிழைத்துவிட்டன. சில கிடங்குகளாயின, சில பயணிகள் தங்கும் விடுதிகளாயின. மீன்பிடிப்போடு சுற்றுலாவும் ஊருக்குச் சோறு போடுகிறது.

2005இல் ஜப்பானிய அரசு இனேயை மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஒரு மீனவ ஊருக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல்முறை. வீடுகள் மட்டுமே என்றால் ஒரு சிறு கரைத்துண்டு போதுமானது. அரசு வகுத்த எல்லையோ சுமார் 310 ஹெக்டேர். விரிகுடாவின் நீரும், ஆவோஷிமாவும், சுற்றியுள்ள மலைக்காடும் அதற்குள் அடக்கம். இனேயின் வீடுகளை நிறுத்தி வைத்திருப்பவை அவைதாம் என்பதைப் புரிந்துகொண்டு வரைந்த எல்லை அது.