கணவாய்க்கு நிறமே தெரியாது... தெரியுமா?

ஆரஞ்சு, ரோஸ், கிளிப்பச்சை, ஊதா... ஜப்பானில் எந்தத் தூண்டில் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சுவர் முழுக்க இப்படித் தொங்கும். இறால் மாதிரி வளைந்த உடம்பு, மேலே துணிப் போர்வை, அதற்கடியில் மின்னும் தங்கத் தாள். பெயர் ‘எகி’. கணவாய் பிடிக்கும் பொய் இரை! இத்தனை வண்ணமும் கணவாயை மயக்கத்தான். ஆனால் பெரும்பாலான கணவாய்களுக்கு நிறமே தெரியாது, தெரியுமா?

ஆமாம்! நம் கண்ணில் நிறம் பிரித்துக் காட்ட மூன்று வகை நிறமிகள். கணவாய்க் கண்ணில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று! அதற்கு உலகமே பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் நமக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும். ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைக்கூட அது பிரித்துப் பார்த்துவிடும்! மேல் துணி என்ன நிறம் என்பதைவிட, அடித்தாள் எப்படி மின்னுகிறது என்பதற்காக மணிக்கணக்கில் வாதாடும் தூண்டில்காரர்கள் அங்கே உண்டு. புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும் ‘கெய்முரா’ என்றொரு பூச்சும் இருக்கிறது. ‘ஒளிரும் ஊதா’ என்பதற்கான ஜப்பானியச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது!

இந்த எகியின் அளவைப் பாருங்கள். எகியில் பிரபலமான எண் 3.5. என்ன 3.5? அங்குலமா? சென்டிமீட்டரா? இரண்டும் இல்லை! ‘சுன்’ என்ற பழைய ஜப்பானிய முழக்கோல் அளவு. ஒரு சுன் சுமார் 3 செ.மீ. ஆக, எகியின் நீளம் பத்தரை செ.மீ. சொச்சம். நாடே மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. கணவாய்க்கு மட்டும் இன்னும் சுன் கணக்கு!

தண்ணீரில் எகி தலை கீழாகச் சாய்ந்தபடியே மெல்ல இறங்கவேண்டும். எவ்வளவு மெல்ல? ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 3 விநாடி! ஆழம் குறைந்த இடத்துக்கு அதைவிட மெதுவாக இறங்கும் வகை தனி. இறங்கும் அந்த நேரத்தில்தான் கணவாய் பாய்ந்து கட்டிப்பிடிக்கும். வாலில் கிரீடம்போலச் சுற்றி நிற்கும் ஊசிகளைத் தொட்டுப் பார்த்தால் இன்னொரு வியப்பு. மீன் முள்ளில் நழுவவிடாமல் ஒரு சிறு எதிர்ப்பல் இருக்குமே, அது இவற்றில் கிடையாது! மொழுமொழுவென்ற வெறும் ஊசிகள்! கை தளராமல் நரம்பை இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கணவாய் கரைக்கு வரும்.

இதைக் கண்டுபிடித்தது யார்? அமாமி தீவில் ஒரு கதை சொல்வார்கள். இரவில் படகிலிருந்து ஒரு தீப்பந்தம் தவறிக் கடலில் விழுந்ததாம். எரிந்து கரிந்த அந்தக் கட்டையைக் கணவாய் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டதாம்! கதையோ நிஜமோ, சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்திலேயே தென் ஜப்பானின் சத்சுமா பக்கத்து மக்கள் மரத்தைச் செதுக்கி, நெருப்பில் வாட்டிப் புள்ளியும் வரியும் போட்டு எகி செய்தார்கள். பாரத்துக்கு என்ன கட்டினார்கள் தெரியுமா? காசு! நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசைக் கழுத்தில் கட்டி இறக்கியிருக்கிறார்கள். இந்தத் தூண்டிலில் மாட்டும் ‘அவோரி’ கணவாய்க்குச் சொந்தக்காரர்கள் நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்!

சாமுராய்களும் தூண்டில் போட்டார்கள் தெரியுமா? கானசாவாவை ஆண்ட காகா சமஸ்தானத்தில் ஆற்றில் ‘அயு’ மீன் பிடிப்பது உடற்பயிற்சி! வழுக்குப் பாறையில் கால் ஊன்றி நிற்பதே பெரிய பயிற்சியாயிற்றே! அதற்காக இறகால் கட்டியதுதான் பூச்சி மாதிரியான பொய் இரை. அந்த ஊரில் ‘மெபோசோ’ என்ற ஊசிக்கடை இன்னும் நடக்கிறது. தொடங்கிய ஆண்டு? 1575! நூல் கோர்க்கும் காதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்ததால், ‘நுண்ணிய கண்’ என்று பொருள்படும் இந்தப் பெயரைச் சமஸ்தானமே சூட்டியதாம். தையல் ஊசி செய்த அதே கைகள் தூண்டில் பூச்சியும் கட்டின!

ஹியோகோ மாநிலத்தின் நிஷிவாகியில் இன்னொரு கூட்டம். ஒரு சென்டிமீட்டர்கூட வராத முள். அதில் பறவை இறகைப் பட்டு நூலால் சுற்றிச் சுற்றி, தலையில் உருஷி மரப்பால் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி ஒரு பொட்டு! மொத்தமும் ஒரு ஈ அளவு! 1987இல் இதை ஜப்பான் அரசு நாட்டின் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. பானை, பட்டு, வாள் எல்லாம் போற்றும் நாடு மீன் தின்னும் பூச்சிக்கும் பட்டம் கொடுத்திருக்கிறது! தூண்டில் முள்ளுக்கு உலகப் பெயர் பெற்ற காமகட்சு நிறுவனத்துக்கும் இதே நிஷிவாகிதான் சொந்த ஊர்.

அந்த அயு மீன் இருக்கிறதே, வளர்ந்தபின் அதன் சாப்பாடு பாறைப் பாசி. பாசி தின்னும் மீன் மீன் பொம்மையைக் கடிக்குமா? கடிக்காது. ஆனால் மோதும்! தன் பாறைப் பக்கம் இன்னொரு அயு வந்தால் அதற்குப் பொறுக்காது. அதனால் அயு மாதிரியே ஒரு பொம்மையைப் பாறையோரம் நீந்தவிடுகிறார்கள். ஆத்திரத்தில் பாய்ந்து வந்து இடிக்கும்போது, வயிற்றுக்குப் பின்னே தொங்கும் முள்ளில் மாட்டிக்கொள்ளும்! பசிக்கு விரித்த வலையைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கோபத்துக்கு விரித்த வலையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கையாலேயே ஒரு மரமீன் செய்வது எப்படி? இதைக் கொஞ்சம் நின்றுதான் பார்க்கவேண்டும். இறகுபோல எடையற்ற பால்சா மரம். அதை இரு பாதியாக அறுத்து, நடுவில் துருப்பிடிக்காத கம்பியும் சிறு ஈயக்குண்டும் வைத்து ஒட்டுகிறார்கள். பிறகு மெல்லிய அலுமினியத் தகடு. செதில் வரி வேண்டுமே, எப்படி வரும்? இரும்பு அராவும் அரத்தின்மேல் தகட்டை வைத்து அழுத்துகிறார்கள். அரத்தின் பற்கள் அப்படியே செதிலாகப் பதிந்துவிடுகின்றன! பட்டறை அரத்துக்குள் ஒரு மீன் தோல் ஒளிந்திருந்தது யாருக்குத் தெரியும்? அதன்பின் செல்லுலோஸ் கரைசலில் முக்கு, தொங்கவிடு, உலர்த்து... மறுபடி முக்கு! பத்து முறை, அதற்கு மேலும்! ஒவ்வொரு முக்கும் மயிரிழைத் தடிமன்தான். கடைசியில் தகடு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஆழத்திலிருந்து மின்னும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் செவுள் அசையுமோ என்று தோன்றும். என்னைக் கேட்டால், இந்த அரச் செதில் ஒன்றுக்கே தனிப் பட்டம் கொடுக்கலாம்!

வெறும் தகட்டோடு விட்டார்களா? அபலோனி சிப்பியின் வானவில் ஓட்டைத் தாள்போலச் சீவி ஒட்டும் இரைகளும் உண்டு!

சைக்கிள் கியரில் ‘ஷிமானோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1921இல் சாகாய் நகரில் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் இன்று மீனுக்கும் பொம்மை செய்கிறது! அவர்களின் ‘ஃப்ளாஷ் பூஸ்ட்’ இரையின் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடித் தகடு, நுண்ணிய ஸ்பிரிங்கில் தொங்குகிறது. இழுப்பதை நிறுத்தினாலும் தகடு துடித்துக்கொண்டே இருக்கும். பொம்மை நிற்கிறது, ஆனால் மின்னுகிறது!

இன்னும் சில இரைகளுக்குள் டங்ஸ்டன் குண்டுகள் ஓடும். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி! வீசும்போது வாலுக்கு ஓடி அம்புபோலப் பறக்கவைக்கும். தண்ணீரில் விழுந்ததும் முன்னால் வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்!

நடுக்கடலில் வரிச்சூரை பிடிக்கும் ஜப்பானியர்கள் முள்ளில் எதைக் கட்டுவார்கள் தெரியுமா? இறகோடு பேத்தை மீனின் தோல்! விஷ மீனின் தோலே இரைக்குச் சட்டை! இங்கும் முள்ளில் எதிர்ப்பல் இல்லை. கோலை ஒரு வெட்டு வெட்டினால் சூரை தலைக்கு மேலே பறந்து, தானே கழன்று படகுக்குள் விழும்!

இவ்வளவு பொய் இரை செய்யும் நாட்டில் 2009 ஜூலை 2 அன்று பிவா ஏரியில் 10.12 கிலோ பாஸ் மீன் ஒன்று சிக்கியது. பிடித்தவர் மனாபு குரிதா. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932 முதல் அசையாமல் நின்ற உலகச் சாதனையை 77 ஆண்டுக்குப் பின் தொட்டார்! அதைவிடக் கொஞ்சம் எடை கூடுதல்தான்; ஆனால் சுமார் 60 கிராமாவது கூடினால்தான் முந்தியதாகக் கணக்கு என்பது விதி. அதனால் இரண்டு சாதனையும் சமம்! அந்த மீன் கடித்தது எதை? உயிருள்ள குட்டி மீனை! 1932 அமெரிக்க மீன் கடித்தது எதை? மரப் பொம்மையை!

கடைசியாக ஒன்று. ஒகினாவாவின் சகிதாரி குகையில் கிடைத்த தூண்டில் முள்ளின் வயது 23,000 ஆண்டு! உலகில் கிடைத்த மிகப் பழைய முட்களில் ஒன்று. கடல் நத்தை ஓட்டைப் பிறைபோலத் தீட்டியிருக்கிறார்கள். அதே குகையில் இன்னொரு முள்ளும் இருந்தது. அது பாதி வேலையிலேயே நிற்கிறது! தீட்டிக்கொண்டிருந்தவர் எதற்காக எழுந்து போனாரோ!