முச்சந்தி மின்மாற்றியும் நம் உரிமையும்

கோதையாற்றின் நீர்வீழ்ச்சியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றிலும் பிறக்கின்ற மின்சாரம், வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து நம் வீட்டு விளக்கை வந்தடைவதற்குள் பன்முறை தன் அழுத்தத்தை மாற்றிக்கொள்கிறது. முப்பந்தல் காற்றாலை தருவது சில நூறு வோல்ட்டே. அதை அப்படியே தொலைவுக்கு அனுப்பினால் பெரும்பகுதி கம்பியிலேயே வெப்பமாகி விரயமாகும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினாலோ, அதே சக்திக்கு வேண்டிய மின்னோட்டம் பத்தில் ஒன்றாகவும், விரயம் நூற்றில் ஒன்றாகவும் குறைந்துவிடும். அவ்வாறு உயர்த்துவதும், பின்னர் துணைமின் நிலையத்தில் 11,000 வோல்ட்டாகவும், முச்சந்தியில் 230 வோல்ட்டாகவும் தாழ்த்துவதும் மின்மாற்றியின் பணி. இரும்பின்மீது சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்களையும் அவை மூழ்கிக் கிடக்கும் எண்ணெயையுமே பிரதானமாகக் கொண்ட, அசையும் உறுப்பு ஏதுமற்ற இந்தச் சாதனம் சாதுவாகத் தோன்றுவதுதான் அபாயம்.

பியூஸ் போயிற்றென்று தாமே ஏறிப் போடத் துணிவதும், இழுவைக் கம்பியில் பசுவைக் கட்டுவதும், உயரழுத்தக் கம்பி செல்லும் தோப்பில் அலுமினியத் தோட்டியால் தேங்காய் பறிப்பதும் உயிரைப் பணயம் வைப்பதேயாகும். மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லையென்று ஊகிக்க எவருக்கும் அதிகாரமில்லை. விபத்து நேர்ந்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் செல்ல வேண்டும்.

மின்மாற்றி பழுதுபட்டால் 48 மணி நேரத்துக்குள் விநியோகத்தை மீட்க வேண்டுமென்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. தவறினால் இழப்பீடு கோரலாம். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்த ஒக்கிப் புயல் போன்ற பேரிடர்களுக்கு மட்டும் விலக்குண்டு. பொது மின்மாற்றியைப் பழுதுபார்க்கும் கடமை மின்வாரியத்துடையது. அதற்காகத் தெருவாரிடம் பணம் திரட்டுவது, வழக்கமாகிவிட்ட போதிலும், நியாயமாகாது.

புகாரை 94987 94987 என்ற, மின்வாரியத்தின் மின்னகம் சேவை மைய எண்ணில் தெரிவிக்கலாம். பரிகாரம் கிட்டாவிடில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அங்கும் திருப்தியில்லையேல் மின்குறை தீர்ப்பாளரையும் அணுகச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த புகாருக்குச் சாட்சியில்லை. ஆகையால் புகார் எண்ணையும் அளித்த நேரத்தையும் தவறாது குறித்து வையுங்கள்.