கால்நடை மருத்துவமனையின் உடைமையுரிமை: இந்தியச் சட்டநிலையும் சென்னையின் மேற்குப் புறநகரும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் விலங்குகளுக்கு மருத்துவம் செய்யும் உரிமை பதிவுபெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. அம்மருத்துவம் நடைபெறும் மருத்துவமனையை யார் உடைமையாகக் கொள்ளலாம் என்பதை 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் கூறவில்லை. இந்த மௌனத்தின் பொருளையும் அதனால் பொறுப்பு யார்மேல் விழுகிறது என்பதையும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளின் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கால்நடை மருத்துவம், உடைமையுரிமை, பதிவுபெற்ற மருத்துவர், பிரிவு 30, மேற்குச் சென்னை.

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர் நெடுங்காலம் கறவை மாடுகளின் நிலம். ஆவடியை அடுத்த அலமாதியில் முர்ரா எருமைகளுக்கான மத்திய அரசின் கால்நடை இனப்பெருக்கப் பண்ணை உள்ளது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இயங்குகிறது. மாட்டுக்கு நோய் கண்டால் அரசு மருந்தகத்தையோ பால் கூட்டுறவு ஒன்றியத்தின் மருத்துவரையோ நாடுவதே இங்கு வழக்கம். அக்காலத்தில் மருத்துவமனையின் உரிமையாளர் யார் என்ற வினா எழவே இல்லை.

தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியபின் நாயும் பூனையும் வீட்டு உறுப்பினர்களாயின. தீவன விற்பனை, முடிதிருத்தம், தங்கல் விடுதி, மருத்துவம் ஆகிய நான்கையும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் நடத்தும் நிறுவன வடிவம் நகரங்களில் பரவியது. அத்தகைய இடத்தில் மருந்துச்சீட்டில் கையொப்பமிடுபவர் ஒருவர்; கட்டணச் சீட்டில் பெயர் உள்ளவர் மற்றொருவர். அறுவைக்குப்பின் நாய் இறந்துவிட்டால் வளர்த்தவர் யாரிடம் கேட்பது?

சட்டத்தின் சொற்களும் மௌனமும்

கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15ஆம் பதிவில் அடங்கும். ஆகவே நாடாளுமன்றம் இப்பொருளில் நேரடியாகச் சட்டமியற்ற இயலாமல், மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று உறுப்பு 252இன் வழியே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பட்டங்களுக்கு ஏற்பளித்தல், பதிவேடு பேணுதல், ஒழுக்கநெறி வகுத்தல் ஆகியன அதன் மையப் பணிகள்.

சட்டத்தின் இதயம் பிரிவு 30 எனலாம். பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் அல்லாத எவரும் அரசிலோ உள்ளாட்சி முதலிய அதிகார அமைப்புகளின் நிறுவனங்களிலோ கால்நடை மருத்துவப் பதவி வகிக்கலாகாது; எந்த மாநிலத்திலும் கால்நடை மருத்துவத் தொழில் புரியலாகாது; மருத்துவச் சான்றிதழில் கையொப்பமிடலாகாது; நீதிமன்றத்தில் இத்துறை வல்லுநராகச் சாட்சியம் அளிக்கலாகாது. பட்டயமோ சான்றிதழோ பெற்ற கால்நடை உதவியாளர்கள், மாநில அரசின் ஆணைப்படி, மருத்துவரின் மேற்பார்வையில், தடுப்பூசி, ஆண்மைநீக்கம், காயத்துக்குக் கட்டிடுதல் போன்ற சிறு சேவைகளைச் செய்ய மட்டும் விலக்கு உண்டு.

இவை அனைத்தும் மருத்துவம் செய்யும் ஆளைப் பற்றியவை. கட்டடம், முதலீடு, இலாபம் ஆகியவற்றைப் பற்றி இப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் ஒரு மாற்று வாசிப்புக்கு இடமுண்டு. பொது வாசகங்கள் சட்டம், 1897இன்படி ‘நபர்’ என்னும் சொல் நிறுவனத்தையும் குறிக்கும். அவ்வாறெனில், மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக் கட்டணம் பெறும் நிறுவனமும் ‘தொழில் புரியும் நபர்’ ஆகாதா? பட்டம் பெறவோ பதிவேட்டில் இடம்பெறவோ இயலாத நிறுவனம் பிரிவு 30ஐ மீறியதாகாதா?

இவ்வாசிப்பு கூர்மையானது, ஆனால் நிலைக்காது. இதை ஏற்றால் மருத்துவரைப் பணியமர்த்தும் பால் கூட்டுறவு ஒன்றியமும், 1959இல் சென்னையில் தோன்றி மருத்துவமனை நடத்திவரும் புளூ கிராஸ் போன்ற அறநிலை அமைப்பும் சட்டவிரோதமாகிவிடும். மேலும், நிறுவனங்களை விலக்க விரும்பிய இடத்தில் நாடாளுமன்றம் அதை வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. பட்டயக் கணக்காளர்கள் சட்டம், 1949இன் பிரிவு 25, எந்த நிறுவனமும் பட்டயக் கணக்காளராகத் தொழில் புரியலாகாது என்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த கால்நடை மருத்துவச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை. எனவே அச்சட்டத்தின்கீழ் உடைமையுரிமை எவருக்கும் திறந்தே உள்ளது என்று கொள்வதே பொருந்தும்.

பக்கவாயில்கள்

உரிமையாளரைச் சட்டம் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆனால் அவரைப் பிடிப்பது மருத்துவச் சட்டமன்று. வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட விதிகள். உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதற்கு நல்ல சான்று. கழிவு உண்டாகும் நிறுவனத்தின்மீது நிர்வாகக் கட்டுப்பாடு உடையவரையே அவை பொறுப்பாளியாக்குகின்றன; கால்நடை மருத்துவ நிறுவனமும் அந்த வரையறையில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது. ஊசியை எறிந்த முறைக்கு உரிமையாளர் அரசுக்கு விடை கூறவேண்டும்; ஊசி போட்ட முறைக்குக் கவுன்சில் அவரைக் கேட்க இயலாது. விந்தைதான்.

மருந்துச் சட்டத்தில் உடைமை வேறுபாடு இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940 விலங்கு மருந்துகளையும் தழுவியது. 1945ஆம் ஆண்டு விதிகளின் கே அட்டவணை, கடை திறந்து விற்காமல் தம் நோயாளிக்கே மருந்து வழங்கும் மருத்துவருக்கு உரிமத் தேவையிலிருந்து நிபந்தனையுடன் விலக்களிக்கிறது. ‘மருத்துவர்’ என்பதன் வரையறையில் கால்நடை மருத்துவரும் அடங்குவார். இவ்விலக்கு மருத்துவரைச் சார்ந்தது, கட்டடத்தைச் சார்ந்ததன்று. மருத்துவரல்லாத உரிமையாளர் தம் முகப்புக் கடையில் மருந்து விற்றால் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்க இயலாது; விற்பனை உரிமம் வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரியில் நிலைமை நேரெதிர். விலங்கு, பறவைகளின் நலம் பேணும் ‘கால்நடை மருத்துவமனை’யின் சேவைக்கு 2017ஆம் ஆண்டு அறிவிக்கை வரிவிலக்கு அளிக்கிறது. இங்குச் சலுகை நிறுவனத்துக்கு உரியது.

செல்லப்பிராணிகளை விற்கும் கடையோ இன்னும் கடுமையான விதிக்கு உட்பட்டது. விலங்கு வதைத் தடுப்பு (செல்லப்பிராணிக் கடை) விதிகள், 2018இன்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்யாமல் அக்கடையை நடத்த முடியாது. நாய்க்குட்டியை விற்பவர் வாரியத்தின்முன் நிற்கவேண்டும். அதே குட்டிக்கு அறுவை நடக்கும் கூடத்தின் முதலாளிக்கு அத்தகைய பதிவு இல்லை. உள்ளாட்சியின் தொழில் உரிமமும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூவிருந்தவல்லி நகராட்சியாக வளர்ந்த ஊர். ஒரே சாலைத் தொடரில் உரிமம் வழங்கும் அமைப்பு மாறலாம். அவ்வுரிமத்தின் நோக்கம் இடமும் சுகாதாரமுமேயன்றி மருத்துவத் தரமன்று.

நீதிமன்ற வழி ஒன்று உண்டு. 2004இல் சவிதா கார்க் வழக்கில் உச்சநீதிமன்றம், மருத்துவர் சம்பளப் பணியாளரானாலும் ஒப்பந்தத்தில் அழைக்கப்பட்டவரானாலும் அவரது கவனக்குறைவுக்கு மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும் என்றது. அது மனித மருத்துவ வழக்கு. கட்டணச் சேவை என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்தின்முன் அதே தர்க்கத்தைக் கால்நடை மருத்துவமனைக்கும் முன்வைக்கலாம். ஆனால் இழப்பீடு என்பது நடந்தபின் கிடைப்பது.

பிற நாடுகளின் பட்டறிவு

உடைமை திறந்துவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரித்தானியா அண்மைச் சான்று. அங்கு 1999 முதல் மருத்துவரல்லாதாரும் கால்நடை மருத்துவமனைகளை உடைமையாகக் கொள்ள இயன்றது. போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் கணக்குப்படி 2013இல் ஏறத்தாழ 10 விழுக்காடு மருத்துவமனைகளே பெருங்குழுமங்களின் கையில் இருந்தன. பத்தாண்டுகளுக்குள் அது ஏறத்தாழ 60 விழுக்காடாயிற்று. கட்டண உயர்வு பற்றிய முறையீடுகளை ஒட்டி 2023இல் ஆய்வைத் தொடங்கிய ஆணையம், 2024 மே மாதத்தில் முறையான சந்தை விசாரணைக்கு நகர்ந்தது. அதன் கவலைகளுள் ஒன்று இந்தியருக்கும் நெருக்கமானது: 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனிமருத்துவரை நெறிப்படுத்துகிறது, வணிக நிறுவனத்தை அன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கு எதிர்த்திசையில் வந்தது. ஆஸ்திரியா, கால்நடை மருத்துவ நிறுவனத்தின் பங்குகள் அனைத்தும் மருத்துவரிடமே இருக்கவேண்டும் என்றது. 2019 ஜூலை 29இல் ஒன்றிய நீதிமன்றம் இதை மிகையான கட்டுப்பாடு என்று தள்ளியது. பொதுநலம் காக்கும் நோக்கத்தை ஏற்றாலும் முழு உடைமை அதற்குத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். பிரான்சில் பெரும்பான்மைப் பங்கு மருத்துவரிடம் இருக்கவேண்டும். 2023 ஜூலையில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், பங்கு எண்ணிக்கை மட்டும் போதாது, நிறுவனத்தின்மீது உண்மையான கட்டுப்பாடும் மருத்துவரிடம் இருக்கவேண்டும் என்ற நிலையை உறுதிசெய்தது.

உடைமையும் விடையிறுப்பும்

இவ்வழக்குகளைக் கொண்டு தமிழ்நாட்டிலும் உடைமையை மருத்துவருக்கே ஒதுக்கவேண்டும் என வாதிடுவது எளிது. ஆனால் இங்கு மருத்துவரல்லாத உரிமையாளர்களுள் மூத்தவர்கள் வணிகக் குழுமங்கள் அல்லர். கறவை மாட்டுக்காரர்களின் கூட்டுறவும் அறநிலை அமைப்புகளுமே. முதலீடு இல்லாத இளம் பட்டதாரிக்கு முதலாளியின் மருத்துவமனையே முதற் பணியிடமாகவும் அமையலாம். உடைமைத் தடை இவர்கள் அனைவரையும் ஒருசேரத் தாக்கும்.

சிக்கலின் வேர், முடிவெடுக்கும் செல்வாக்கும் ஒழுங்கு நடவடிக்கையும் பிரிந்து கிடப்பதில் உள்ளது. கவுன்சிலின் 1992ஆம் ஆண்டு ஒழுக்கநெறி விதிமுறைகள் மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும். தேவையற்ற பரிசோதனைக்கு உரிமையாளர் நெருக்குதல் தந்தால், மறுக்கும் மருத்துவர் வேலையை இழக்கலாம். இணங்கும் மருத்துவர் பதிவை இழக்கலாம். நெருக்கியவருக்கு இழக்கப் பதிவே இல்லை.

இதற்கு ஏற்ற முன்மாதிரி மருந்துக் கடைச் சட்டத்திலேயே உள்ளது. கடையை எவரும் நடத்தலாம். ஆனால் உரிமம் கடையின் பெயரில் இருக்கும், மருந்துச்சீட்டுப்படி மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநரின் பொறுப்பில் நடக்கவேண்டும். கால்நடை மருத்துவமனைக்கும் வளாகப் பதிவு, பெயர் குறிப்பிட்ட பொறுப்பு மருத்துவர், மருத்துவ முடிவில் உரிமையாளர் தலையிடலாகாது என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் வகுக்கலாம். பொருள் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆயினும் உறுப்பு 252இன்கீழ் ஏற்ற சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் தானே திருத்த இயலாது. எனவே மாநிலச் சட்டம் பிரிவு 30ஐத் தொடாமல், மருத்துவரின் பதிவை விட்டு மருத்துவமனையின் பதிவை மட்டும் தன் பொருளாகக் கொண்டு எழுதப்பட வேண்டியிருக்கும்.