தகனமேடைக்குள் போகக் கூடாதவை

எரிவாயு தகனமேடை கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தாலே அக்கம்பக்கத்தார் மறியலில் உட்காருவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிறது. “பொணவாடையில குழந்தைங்க எப்படி இருக்கும்?” என்பது முதல் கேள்வி. புகையில் நோய்க்கிருமி வருமா என்பது அடுத்தது. வராது. 800 டிகிரி செல்சியஸுக்குப் போகும் உலையில் எந்தக் கிருமியும் பிழைக்காது. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சிலேயே, சாம்பலால் ஆபத்தில்லை, அஸ்தியை வாங்கிச் சடங்கு செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். தடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. உடலோடு சேர்ந்து உலைக்குள் என்னென்ன போகின்றன, உலையை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில்தான் தெருவின் உடல்நலமும் அங்கே வேலை பார்ப்பவரின் உயிரும் இருக்கின்றன.

நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர் இறந்தால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சிறு கருவிக்குள் லித்தியம் பேட்டரி உண்டு. உலைச் சூட்டில் அது வெடிக்கும். உலையின் உட்சுவர் செங்கல் பெயரும். கண்காணிப்புத் துளை வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பணியாளரின் கண் போகவும் வாய்ப்புண்டு. பிரிட்டனில் இப்படி ஒரு வெடிப்பு 1976-இலேயே பதிவாகியிருக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டுத் தகன நிலையங்களில் ஏறக்குறைய பாதி இதைச் சந்தித்திருப்பதாகத் தெரிந்தது.

எடுப்பது சிறிய வேலைதான். மருத்துவமனையில் இறந்தவர் என்றால் உடலை வாங்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடலாம். வீட்டில் இறந்தவர் என்றால், வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்கு உடனே போன் செய்ய வேண்டும். தாங்களாகக் கத்தியைத் தொடக் கூடாது. இதயத்துடிப்பு தாறுமாறாகும்போது ஷாக் கொடுக்கும் ஐசிடி வகைக் கருவியை, முதலில் அணைக்காமல் எடுத்தால் எடுப்பவருக்கே ஷாக் அடிக்கக்கூடும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. அதனால் தகனமேடையில் பதிவு செய்பவர்தான் கட்டாயம் கேட்க வேண்டும். “பேஸ்மேக்கர் இருக்கா?” என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்திலேயே அச்சடித்துவிட்டால் என்ன செலவாகும்?

புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து ஏற்றப்பட்டவர் சில நாட்களுக்குள் இறந்தாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் லுட்டீஷியம்-177 ஏற்றப்பட்ட ஒருவர் அடுத்த சில நாட்களில் இறந்தார். தகனம் முடிந்த பிறகு உலையிலும் எலும்பு அரைக்கும் கருவியிலும் கதிரியக்கம் ஒட்டியிருந்தது 2019-இல் வெளிவந்தது. அளவு குறைவுதான். ஆனால் தகன நிலையத்துக்கு முன்கூட்டி யாரும் தகவல் சொல்லவில்லை.

புகை கெடும் இடம்

நல்ல உலைக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் உடல் எரியும். அதிலிருந்து கிளம்பும் புகை இரண்டாவது அறையில் மறுபடி எரிய வேண்டும். 800 டிகிரிக்குக் குறையாத சூட்டில் சுமார் 2 விநாடி அங்கே புகை தங்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள அளவுகோல். பிறகு தண்ணீர் தெளிக்கும் ஸ்க்ரப்பரில் கழுவப்பட்டு உயரமான புகைபோக்கி வழியே வெளியேறும். வரிசையில் மூன்று உடல்கள் காத்திருக்கும்போது, இரண்டாவது அறை சூடாகும் முன்பே முதல் உடலை ஏற்றுவது, எரிவாயுவை மிச்சப்படுத்த அந்த அறையின் பர்னரை அணைத்துவைப்பது போன்ற குறுக்குவழிகளில்தான் கரும்புகை வருகிறது. அதிலுள்ள நுண்துகள் ஆஸ்துமாக்காரர்களையும் இதயநோயாளிகளையும் முதலில் பதம் பார்க்கும்.

பாலியெஸ்டர் துணி, பிளாஸ்டிக் மாலை, செருப்பு, தலையணை, செண்ட் பாட்டில், செல்போன் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். பிவிசி வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் உருவாக வழியுண்டு. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சு அது. கிராமத்துச் சுடுகாட்டில் மழைநாளில் பழைய டயரைப் போட்டு எரிக்கிறார்களே, அது உலைப் புகையைவிடப் பல மடங்கு மோசம். வரட்டி, வைக்கோல், சேறு பூசிய மூட்டமே மேல்.

பாதரசம் இன்னும் பேசப்படாத சங்கதி. பல்லை அடைக்கும் வெள்ளி நிற அமால்கத்தில் ஏறத்தாழ பாதி பாதரசம். 357 டிகிரியில் அது ஆவியாகிவிடும். வெறும் சூட்டால் அதை அழிக்க முடியாது, வடிகட்டித்தான் பிடிக்க வேண்டும். பிரிட்டன் 2012-க்குள் தகன நிலையப் பாதரசத்தைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018-இல் ஏற்ற நாம் இந்தப் பக்கம் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் கேட்டால் கோபம் வேண்டாம்

இறப்புக்கான மருத்துவச் சான்றைக் கேட்டால் “இந்த நேரத்துல பேப்பரா?” என்று சீறுகிறோம். எரித்த பிறகு சந்தேகம் வந்தால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. தற்கொலை, விபத்து, சந்தேக மரணம் என்றால் முதலில் போலீஸ் விசாரணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு. வீட்டில் நேர்ந்த இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டியது குடும்பத்தின் கடமை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, தனக்குத் தெரிந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு மயானத்தை நடத்துபவருக்கும் உண்டு.

நடத்துபவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி கட்டுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு வேறோர் இசைவாணை. இரண்டும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமிருந்து. தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டர் இடைவெளி கேட்கின்றன.

உலைக் கதவருகே நிற்பவர்

மறியல் செய்பவர் கொஞ்ச தூரம் தள்ளி இருக்கிறார். கதவைத் திறந்து சாம்பலை வாரும் மயானப் பணியாளர் ஒரு கை தூரத்தில் நிற்கிறார். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர், முகத்தில் ஈரத் துண்டு. அந்தத் துண்டு நுண்துகளைத் தடுக்காது. பொருத்தமான என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, வெப்பம் தாங்கும் கையுறை, ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனை இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

ஆகவே தகனமேடைக்கு எதிராக மனு எழுதுபவர்கள் அதில் வேறு சில கேள்விகளைச் சேர்க்கலாம். இயக்கும் இசைவாணை எந்தத் தேதி வரை செல்லும்? புகைபோக்கியில் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தார்கள்? இரண்டாவது அறையின் வெப்பமானி வேலை செய்கிறதா? ஸ்க்ரப்பர் தண்ணீர் எங்கே போகிறது? கரும்புகை தொடர்ந்து வந்தால் தேதி, நேரத்தோடு படம் எடுத்து வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் உள்ளாட்சிக்கும் அனுப்பலாம்.